பழைய எஞ்சினைப் பொருத்துமுன் புதுக்குதல்

புதிய மோட்டார் வண்டியை விலைகொடுத்து வாங்க வல்லார் சிலர். பழையதொன்றைப் பேணிக் காலங்கழிப்பார் பலர். வண்டியின் உடல் உறுதியாயிருப்ப, எஞ்சின் ஒன்றே திருத்தவொண்ணாதபடி பழுதுற்ற காலத்து, அவ்வினத்தைச் சேர்ந்த வேறொரு பழைய எஞ்சினை வாங்கி மாட்டுதல் நம் நாட்டில் நெடுநாளைய வழக்கமாகும். சென்னைப் புதுப்பேட்டைத் தெருக்களில் இத்தகைய எஞ்சின்கள் குவிக்கப்பட்டிருத்தலை அவ்வழிச் செல்வார் காணலாம். அங்ஙனம் வாங்கியதை அன்றே வண்டியில் ஏற்றிவிடுவார் பலர். ஓடின் நன்று, ஓடாவிடின் மீண்டும் இறக்கவேண்டும், மீண்டும் கூலி கொடுக்கவேண்டும். ஏற்றுமுன் சிறுபொருள் கொண்டு செய்யத்தக்கன யாவை, செய்யாது விடத்தக்கன யாவை என்பதை யாம் கண்டும் கேட்டும் அறிந்த அளவில் ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

எல்லா எஞ்சின்களையும் பொதுவாகக் கூறுதல் எவர்க்கும் பயன்படாது. ஆதலின் அம்பாஸடர் வண்டியின் 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சினையே எடுத்துக்கொள்வோம். அம்பாஸடர் வங்காளத்து உத்தர்பாராவில் 2014 வரை செய்யப்பட்ட வண்டி என்பது யாவரும் அறிந்ததே. அதன் எஞ்சினோ இங்கிலாந்திற் பிறந்தது. ஆஸ்டின் கம்பெனியார் 1947-இல் வெளியிட்ட 1200 கன சென்டிமீட்டர் எஞ்சினே இதன் முன்னோன். ஆஸ்டினும் மாரிஸும் 1952-இல் ஒன்றாயின பின்னர் அது 1489 ஆகப் பெருத்து மாரிஸ் வண்டிகளிலும் ஏறிற்று. அங்கிருந்து நம் நாட்டு வண்டிக்கும் வந்தது. நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றின் வாயகலம் 73 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறியிறங்குந் தூரம் 88.9 மில்லிமீட்டர். கிராங்கு தண்டைத் தாங்குவன மூன்று மெயின் பேரிங்குகள். வார்ப்பிரும்பு உடல், வார்ப்பிரும்பு ஹெட். நுட்பமான மின்கருவி யாதும் இல்லாமையின், ஸ்பானரும் பொறுமையும் உடையான் எவனும் இதனைப் பிரித்து அறியலாம்.

இதனை யாம் கற்க நேர்ந்தது பொழுதுபோக்கின் பொருட்டன்று. எம் விடுதித் தோழரொருவரின் தந்தையார் பழைய அம்பாஸடர் ஒன்றைத் திருமணங்களுக்கு வாடகைக்கு விடுபவர். மணமக்களை அவ்வண்டியில் ஏற்றிச் செல்லுதலை இக்காலத்தார் பெருமையாகக் கொள்கின்றனர். அவ்வண்டியின் வருவாயே தோழரின் கல்லூரிக் கட்டணம். சென்ற ஐப்பசியில் அதன் கிராங்கு தண்டு முறிந்தது; தையில் முகூர்த்தங்கள் தொடங்கும். மாற்று எஞ்சின் வாங்கிய பின் அவர் கையில் எஞ்சியது ரூ. 20,000 மட்டுமே. இரண்டாம் முறை இறக்கியேற்ற அவரிடம் பொருளும் இல்லை, நாளும் இல்லை. கிறிஸ்துமஸ் விடுமுறையில் யாம் மூவர் அவ்வீட்டிற்குச் சென்று, பட்டறைத் தொழிலில் முதிர்ந்தவராகிய தோழரின் தாய்மாமனுக்கு எடுபிடிகளாயினோம்.

சொற்களைப் பற்றி ஒன்று. தமிழ் ஹானர்ஸ் படிப்பார் ‘பிஸ்டன்’, ‘வால்வு’ என எழுதுதல் தகுமோ என நண்பர் சிலர் வினவுவர். பட்டறையில் ‘உந்து தண்டு கொணர்க’ என்றால் அங்குள்ளார் எம் முகத்தைப் பார்ப்பரேயன்றி ஒன்றுங் கொணரார். நன்னூலார் திசைச்சொல்லுக்கும் இடந்தந்தனர். தொழிலாளர் நாவிற் பழகிய சொல்லை யாம் விலக்குவதற்கில்லை.

சிக்கனத்தின் அடிப்படை யாதெனில், பொருளின் விலையை மட்டும் நோக்காது, பின்னர் அதனை அடையும் அருமையையும் நோக்குதலாம். கார்புரேட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும் டைனமோவும் எஞ்சினின் புறத்தே உள்ளன. வண்டியில் ஏற்றிய பின்னும் அரைநாளிற் கழற்றி மாற்றலாம். அவற்றிற்காக இப்பொழுதே செலவிடல் வேண்டா. கிளட்சுத் தகடோ எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் இடையே அகப்பட்டுக் கிடப்பது. அதன் விலை சிறிது. அதனைப் பின்னர் அடையும் உழைப்புப் பெரிது. எனவே கையிலுள்ள பணம் முதற்கண் உள்ளே மறைந்தவற்றிற்கும், பின்னரே வெளியே தெரிவனவற்றிற்கும் செல்லுதல் வேண்டும். விற்போர் செய்வதோ இதற்கு நேர்மாறு: உள்ளே ஒன்றுஞ் செய்யாது புறத்தே வண்ணம் பூசிவிடுவர். புதுவண்ணம் மின்னும் எஞ்சினைக் கண்டால் வாங்குவோர் சற்றே ஐயுறுதல் நலம்.

வாங்கும்போது முதலிற் பார்க்கவேண்டியது எஞ்சின் எண். அது பதிவுச் சான்றிதழில் ஏறுவது. எண் அராவப்பட்டிருப்பினும், விற்பவர் ரசீது தர மறுப்பினும் அவ்விடம் விட்டு நீங்குக. எத்துணை மலிவாயினும் களவுப்பொருள் களவுப்பொருளே. அடுத்துக் கிராங்கைக் கையால் இருமுறை முழுவதுஞ் சுற்றிப் பார்த்தல் வேண்டும். பழைய அம்பாஸடருக்குக் கைப்பிடி இட்டுச் சுற்றுதற்கான பற்கொண்டை முன்புறத்தே உண்டு. சீராகச் சுழலின் நன்று. ஓரிடத்தே தட்டி நிற்பின் விட்டுவிடுக. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து நோக்க, உட்புறம் மோர்போல் வெளுத்திருப்பின் தண்ணீர் எண்ணெயோடு கலந்ததென்று அறியலாம். அது கிழிந்த காஸ்கெட்டாகவும் இருக்கலாம், வெடித்த ஹெட்டாகவும் இருக்கலாம். முன்னது சிறுசெலவு, பின்னது பெருஞ்செலவு.

இனி, பிரிக்குமுன் செய்யத்தக்க சோதனை ஒன்று உண்டு. அது நாடி பார்த்தல் போன்றது. எஞ்சினைப் பழைய டயர்மேல் அசையாதபடி நிறுத்தி, ஸ்டார்ட்டரைப் பொருத்தி, நான்கு பிளக்குகளையும் கழற்றிவிட்டு, ஒவ்வொரு துளையிலும் அழுத்தமானியை வைத்து பாட்டரியாற் சுழற்றுதல். எண் எவ்வளவு என்பதினும் நான்கும் ஒத்திருக்கின்றனவா என்பதே பெரிது. பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேறுபடலாகாது. தோழர் எஞ்சினில் ஒன்றும் இரண்டும் நான்கும் ஏறக்குறைய 120 பவுண்டு காட்டின. மூன்றாவது 90-இல் நின்றது. அப்பொழுது மாமா ஒரு கரண்டி எண்ணெயை அத்துளையில் விட்டு மீண்டுஞ் சுழற்றினார். எண்ணெய் பிஸ்டன் ரிங்குகளைச் சூழ்ந்து அடைப்பதால், குற்றம் ரிங்கிலாயின் அழுத்தம் உயரும், வால்விலாயின் உயராது. உயரவில்லை. திறவாமலே குற்றமுள்ள இடம் வால்வென்று அறிந்தோம். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் ஒருங்கே தாழ்ந்திருப்பின் இடையேயுள்ள காஸ்கெட்டு எரிந்ததென்று கொள்க.

பின்னர்த் துப்புரவு. மண்ணெண்ணெயும் தூரிகையுமே போதும். ஆயின் தொடங்குமுன் எல்லாத் துளைகளையும் துணியால் அடைத்தல் வேண்டும். புறத்து மண் அகத்தே புகின், நாற்பதாண்டு ஓட்டம் செய்யாத கேட்டை ஒரு நாளிற் செய்துவிடும். காஸ்கெட்டு ஒட்டியிருந்த முகங்களைச் சுரண்டும்போது உப்புத்தாள் இடுதலும் ஆகாது. அதன் பொடி பேரிங்குகளைச் சென்றடையும்.

கீழ்த் தொட்டியைக் கழற்றி அடியிலுள்ள வண்டலை விரலால் தடவிப் பார்த்தல், எஞ்சினின் முன்வரலாற்றைப் படித்தல் போன்றதாகும். கரிய சேறு மட்டும் இருப்பின் எண்ணெயைக் காலத்தில் மாற்றாத சோம்பரிடம் இருந்தது என்க. செம்புநிறத் துகள் மினுங்கின் பேரிங்கின் மேற்பூச்சுத் தேய்ந்து உட்பட்டை வெளிப்பட்டது என்க. எஃகுத் துண்டு கிடப்பின் மேற்கொண்டு செலவிடுமுன் அது எதனின்று முறிந்ததெனக் கண்டாகவேண்டும். யாம் கண்டன சேறும், சிறிது செம்புமாம்.

ஹெட்டை எடுத்தபின் சிலிண்டர்களின் தேய்மானத்தை அளத்தல் வேண்டும். பட்டறையார் உள்ளளவுக் கருவி வைத்திருப்பர். அஃதில்லாதார்க்கு ஓர் எளிய வழி உண்டு. அது கணக்கினால் வந்தமையின் எம்மைப் பெரிதும் மகிழ்வித்தது. சிலிண்டரின் அடிப்பகுதியில் ரிங்கு படாத இடம் தேய்வதில்லை. உச்சியை அடுத்த இடமே மிகத் தேய்வது, அங்கே சூடு மிகுதி, எண்ணெய் குறைவு ஆதலின். புதிய ரிங்கு ஒன்றைப் பிஸ்டனின் தலையால் நேராகத் தள்ளி முதலில் அடியில் வைத்து அதன் வாய் இடைவெளியைத் தகட்டளவியால் அளக்க. பின்பு மேற்புறத்தில் வைத்து அளக்க. ரிங்கின் நீளம் மாறாது, சிலிண்டரின் சுற்றளவே மாறுகின்றது. ஆதலின் இரண்டு இடைவெளிகளின் வேறுபாட்டை 3.14-ஆல் வகுக்க வருவது வாயகலத்தின் தேய்மானம். அங்குலத்தை ஆயிரங் கூறிட்ட ஒரு கூற்றைத் ‘தௌ’ என்பர். யாம் அளந்த சிலிண்டரில் அடியில் 10 தௌ, மேலே 22 தௌ, வேறுபாடு 12, தேய்மானம் ஏறக்குறைய 4 தௌ. எட்டு, பத்து எனப் போயிருப்பின் சிலிண்டரைப் பெரிதாகக் கடைந்து பெரும்பிஸ்டன் இடுதலே முறை; நான்காயின் புதிய ரிங்கே போதும். இந்த ஒரு கணக்கு அவ்வீட்டாருக்கு நான்கு பிஸ்டன்களின் விலையையும் கடைசற் கூலியையும் மிச்சமாக்கிற்று.

புதிய ரிங்கு இடுவார் மறத்தலாகாத இரண்டு உள. தேயாத உச்சிக்கும் தேய்ந்த சுவருக்கும் இடையே மெல்லிய படியொன்று எழுந்திருக்கும். பழைய ரிங்கு அப்படியோடு தானுந் தேய்ந்து இசைந்திருந்தது. புதிய ரிங்கின் கூர்விளிம்போ அதில் மோதி முறியும். ஆதலின் படியை முதலில் வெட்டி நீக்குதல் வேண்டும். மற்றொன்று, சுவர் கண்ணாடிபோல் வழுவழுப்பாயிருத்தல். அதில் எண்ணெய் தங்காது, புது ரிங்கும் படியாது. சாணைக்கற்கள் பொருத்திய ஹோனிங் கருவியை மேலுங்கீழும் ஓட்டிச் சுழற்றி, ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் மென்கீறல்களை உண்டாக்குதல் வேண்டும்.

பலர் அறியாததும் யாம் வலியுறுத்த விரும்புவதும் ஆகிய ஒன்று இதன் பின்னர் வருகின்றது. ஹோனிங் செய்த சுவரை மண்ணெண்ணெயாற் கழுவினால் சாணைத்தூள் நீங்காது; கீறல்களுக்குள்ளேயே தங்கும். வெந்நீரும் சோப்பும் இட்டுத் தேய்த்துக் கழுவி, வெள்ளைத் துணியால் துடைத்து, துணி கறைபடாது வரும்வரை மீண்டும் மீண்டும் செய்தல் வேண்டும். உடனே எண்ணெய் பூசாவிடின் ஒரு மணியில் துருப்பிடிக்கும். இவ்வேலைக்கு ஒரு லேத் பட்டறைக்கு அனுப்பிய பிளாக்கு ‘சுத்தம்’ என்னும் சொல்லோடு திரும்பி வந்தது. மாமா அச்சொல்லை ஏலாது, எண்ணெய் ஓடும் நெடுந்துளையில் துணிசுற்றிய கம்பியை விட்டு இழுத்தார். சாம்பல்நிறப் பசை திரண்டு வந்தது. அது பேரிங்குகளுக்கு நேரே செல்லும் வழியாகும். முழுப் பிளாக்கையும் வேப்பமரத்தடியில் யாம் மூவரும் மீண்டும் கழுவினோம். ஒரு மாலைப்பொழுதும் மூன்று கட்டிச் சோப்பும் செலவாயின.

பேரிங்குகளைப் பற்றிச் சுருங்கக் கூறுவோம். மூடிகளைக் கழற்றுமுன் ஒவ்வொன்றிலும் உளியால் எண்ணிடுக. ஒன்றன் மூடியை மற்றொன்றில் வைத்தலும், திருப்பி வைத்தலும் ஆகா. கிராங்கின் கழுத்துகளில் நகத்தை ஓட்ட, தட்டுப்படும் கீறல் இல்லையாயின், மைக்ரோமீட்டரால் இரண்டு திசையில் அளந்து வட்டங்குன்றவில்லையெனத் தெளிந்து, புதிய பேரிங்குப் பட்டைகளை மட்டும் இடலாம். கீறலிருப்பின் கிராங்கைச் சாணைபிடித்து 10, 20 தௌ எனத் தடித்த பட்டைகளை இடுவர். இடைவெளியை அளக்க மெழுகிழைபோன்ற நெகிழி நூலொன்று உண்டு. கழுத்தின்மேல் அதனை வைத்து மூடியை முறுக்கித் திறந்தால் நசுங்கிய அகலத்தைக் கொண்டு இடைவெளியை அறியலாம். எமக்குக் கிடைத்தது இரண்டு தௌவுக்கு உட்பட்டது. மாமா தலையசைத்தார், அதற்கு மேலான சான்றிதழ் அப்பட்டறையில் இல்லை.

ஹெட்டில் எதிர்பார்த்தபடியே மூன்றாம் சிலிண்டரின் புகைபோக்கு வால்வின் விளிம்பு ஓரிடத்தே கரிந்து பிளந்திருந்தது. இதற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. இவ்வெஞ்சின் பிறந்த காலத்துப் பெட்ரோலில் ஈயக்கூட்டு கலந்திருந்தது. அது வால்வு அமரும் இருக்கையின்மேல் மெல்லிய படலமாகப் படிந்து காத்தது. ஈயம் மூளைக்கும் குருதிக்கும், சிறப்பாகக் குழவிகளுக்கு, நஞ்சாதலின் நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டில் முற்றும் விலக்கப்பட்டது. விலக்கியது நன்றே. ஆயினும் வார்ப்பிரும்பிலேயே கடைந்த இருக்கைகள் அன்றுமுதல் காப்பிழந்தன. வால்வு சிறிது சிறிதாக ஹெட்டினுள் அமிழும். அமிழ அமிழ டாப்பெட்டு இடைவெளி குறையும். முற்றும் குறைந்தால் வால்வு முழுதும் மூடாது எரியும். மருந்து யாதெனின், இருக்கையைக் கடைந்து வன்மையான உலோக வளையம் இடுதல். நான்கு புகைபோக்கு இருக்கைகளுக்கும் இடுதல் சிறப்பு. பணம் ஒன்றுக்கே இடந்தந்தது. இக்கேடு விரைந்த நெடும்பயணத்தில் மிகுதி, மெல்ல ஊர்ந்து செல்லும் மணவண்டியில் குறைவு. ஆதலின் எரிந்த ஒன்றுக்கு வளையமும் புது வால்வும் இட்டு, ஏனையவற்றின் இடைவெளியை மாதந்தோறும் அளந்துவருவது எனத் தீர்ந்தது. எம் கருத்தில் அது தக்க தீர்ப்பே.

வால்வுகளை அரைபசை தடவி இருக்கையில் தேய்த்துப் படியவைத்தல் செலவற்ற வேலை, கைமட்டும் நோகும். சாம்பல்நிற வளையம் அறுபடாது சுற்றிலுந் தோன்றிய பின், ஹெட்டைக் கவிழ்த்துக் குழிகளில் பெட்ரோலை ஊற்றி வைத்தால், கசியின் இன்னுந் தேய்க்கவேண்டும் எனத் தெரியும். ஹெட்டின் முகம் கோணாதிருத்தலை நேர்ச்சட்டத்தால் அறிக. பழைய காஸ்கெட்டை மீண்டும் இடுதல் சிக்கனம் ஆகாது.

எஞ்சின் வெளியே கிடக்கும்போதே மாற்றத்தக்கன: பிளாக்கின் பக்கத்தும் பின்னும் தண்ணீர்வழியை அடைக்கும் மெல்லிய இரும்புத் தட்டங்கள், டைமிங் செயின், அதன் முன்மூடிச் சீல், தண்ணீர்ப் பம்பு ஆடினால் அதுவும், கிளட்சுத் தகடு, எஞ்சினைத் தாங்கும் ரப்பர்கள். தட்டங்களின் விலை ஒரு வேளைச் சாப்பாட்டின் விலைக்கு மிகாது; பின்னாளில் பின்புறத் தட்டம் துருவேறி ஒழுகினால் எஞ்சினையே இறக்கவேண்டும். கிராங்கின் பின்முனையில் ரப்பர்ச் சீல் தேடுவார் ஏமாறுவர். அங்கே எண்ணெயைத் திருப்பியனுப்பும் திருகுவரியே உண்டு. ஆதலின் சிறிது கசிதல் இவ்வெஞ்சினின் இயல்பு. ‘ஒரு சொட்டும் விழவில்லையென்றால் உள்ளே எண்ணெய் இல்லையென்று அர்த்தம், தம்பி’ என்றார் மாமா.

இக்காலப் பெட்ரோலில் நூற்றுக்கு இருபது எத்தனால் கலப்பதால் பழைய ரப்பர்க் குழாய்களும் பெட்ரோல் பம்பின் சவ்வும் நைந்துபோதல் கூடும். அவை மலிவானவை; தீப்பற்றும் அச்சம் உடையவை; ஆதலின் புறத்தன வேண்டா என்ற எம் விதிக்கு இவை விலக்கு.

மீண்டும் பூட்டும்போது உரசும் ஒவ்வொரு பகுதியிலும் எண்ணெய் தடவுதலும், ஹெட்டின் மறைகளை நடுவிலிருந்து புறநோக்கி, ஒரேயடியாக அன்றிப் பன்முறையாக, முறுக்களவி கொண்டு இறுக்குதலும் வேண்டும். அளவுகளை வண்டியின் கைந்நூலில் காண்க, நினைவை நம்பற்க.

ஏற்றியபின் உடனே கிளப்பலாகாது. பிளக்குகள் இன்றியே ஸ்டார்ட்டரால் சுழற்றி, எண்ணெய் அழுத்தம் தோன்றிய பின்னரே பிளக்குகளை இடுதல் முறை. எண்ணெய் சேராத பேரிங்கு முதல் நிமிடத்திலேயே கெடும். தோழரின் எஞ்சின் மார்கழி ஈற்றில் மூன்றாம் சுழற்சியிற் பற்றிக்கொண்டது. தோழரின் தாயார் அடுக்களையினின்று வந்து வாயிற்படியில் நின்று கேட்டார். ஒன்றுங் கூறாது உள்ளே சென்று எங்கட்குக் காப்பி கொணர்ந்தார். அழுத்தமானியில் நான்கும் 125-ஐ அடுத்து நின்றன. கையிருப்பில் மீதம் ரூ. 640.

முதல் 500 கிலோமீட்டர் வரை வண்டியை இழுத்து வருத்தாமலும், வெறுமனே நின்ற இடத்தில் நெடுநேரம் ஓட்டாமலும், வேகத்தை ஏற்றியிறக்கி ஓட்டுதல் வேண்டும். அழுத்தம் ஏறும்போதே ரிங்குகள் சுவரோடு படியும். அதன்பின் எண்ணெயை வடித்து மாற்றி, ஹெட்டின் மறைகளைச் சரிபார்த்து, டாப்பெட்டு இடைவெளியை மீண்டும் அளக்க. புதிய எஞ்சின் எண்ணை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுதிக்கொடுத்துப் பதிவுச் சான்றிதழில் ஏற்றுதல், வாடகைக்கு ஓடும் முதல் நாளுக்கு முன்னரே முடிந்திருத்தல் வேண்டும்; அன்றேல் விபத்து நேர்ந்தவிடத்துக் காப்பீட்டார் தடை கூறுவர். தோழரின் தந்தையார் அதற்காகத் தை முதல் வாரத்தில் ரசீதோடு சென்று வரிசையில் நின்றார்.